எதிரில் அமர்ந்து பேசும்போது...

ஒரு சிறு சோதனையுடன் தொடங்குவோம். நண்பர் ஒருவரை எதிரே அமர்த்தி, "நேற்றைய தேர்வு எப்படி?" என்று கேளுங்கள். "பரவாயில்லை" என்கிறார் அவர். அந்த ஒரு சொல்லிலேயே அவர் மகிழ்கிறாரா, வருத்தத்தை மறைக்கிறாரா என்பது பெரும்பாலும் உங்களுக்கு விளங்கிவிடும். அதைத் தெரிவித்தது எது? சொல்லுக்கு முன் வந்த தயக்கம், தாழ்ந்த பார்வை, விரல்களின் அசைவு ஆகியவையே.

தேர்வு அச்சம், மனச்சோர்வு, உறக்கமின்மை போன்றவற்றால் வருந்துவோருக்கு உதவுகின்ற மனநல ஆலோசகரும் இக்குறிப்புகளையே துணையாகக் கொள்கிறார். அவருடைய கண்ணும் செவியுமே அவருக்குக் கருவிகள். இன்று தொலைபேசி, வீடியோ வழியாகவும் ஆலோசனை பெறலாம். அப்படியிருக்க, நேரில் செல்வதால் என்ன நன்மை? இதை இயற்பியலின் துணைகொண்டு ஆராய்வோம்.

காலக் கணக்கு

இருவர் 1.5 மீட்டர் இடைவெளியில் அமர்ந்து பேசுகின்றனர். காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். எனவே ஒருவரது குரல் மற்றவரை அடைய 4.4 மில்லி விநாடியே ஆகும். வீடியோ அழைப்பிலோ குரல் எண்களாக மாற்றப்பட்டு, வலைப்பின்னலில் பயணம் செய்து, மீண்டும் குரலாக வேண்டும். இதற்கு ஒரு திசையில் 150 மில்லி விநாடி ஆவதாகக் கொள்வோம். கேள்வி போகவும் பதில் வரவும் சேர்த்து 300 மில்லி விநாடி.

இது மிகச் சிறிய காலம்தானே என்று எண்ணலாம். ஆனால் பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வெளியான ஆய்வொன்றின்படி, கேள்வி முடிந்து பதில் தொடங்கும் இடைவெளி சராசரியாக 200 மில்லி விநாடி அளவே. அது இப்போது 500 ஆகிவிடுகிறது. வந்த தயக்கம் மனத்தினுடையதா, கருவியினுடையதா என்று பிரித்தறிவது கடினமாகிறது. நேரில் ஒருவர் மௌனமாக இருந்தால், ஆலோசகர் பொறுமையாகக் காத்திருப்பார். தொலைபேசியில் மௌனம் வந்தால், "ஹலோ, கேட்கிறதா?" என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும்!

கோணக் கணக்கு

வீடியோவில் நாம் பார்ப்பது திரையில் உள்ள கண்களை. நம்மைப் படம் பிடிக்கும் கேமராவோ அவற்றுக்கு மேலே இருக்கிறது. இடைவெளி 8 செ.மீ., திரைக்கும் நமக்கும் தொலைவு 50 செ.மீ. எனில், கோணத்தின் டேன்ஜெண்ட் மதிப்பு 0.16. கோணம் ஏறத்தாழ 9 பாகை. ஆகவே நாம் நேராகப் பார்த்தாலும் எதிரிலிருப்பவருக்குப் பார்வை தாழ்ந்ததாகவே தோன்றக்கூடும். மேலும் திரையில் முகமும் தோளும் மட்டுமே தெரிகின்றன. நடுங்கும் கைகளும் ஓயாமல் ஆடும் கால்களும் சட்டத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

அறையின் பயன்

வீட்டிலிருந்து பேசும் மாணவனுக்கு அடுத்த அறையில் யாரேனும் கேட்டுவிடுவார்களோ என்ற அச்சம் இருக்கும். ஆலோசகரின் மூடிய அறையில் அந்த அச்சம் குறைகிறது. ஒருவருக்கு உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருப்பது தெரிந்தால், ஆலோசகர் அவரைத் தனியே விடாமல் அப்போதே குடும்பத்தாரையோ மருத்துவரையோ அழைக்க முடியும். நேரில் செல்வதன் பெரிய நன்மை இது.

விடுபட்டதை நிரப்பலாமா?

அப்படியானால் தொலைபேசி ஆலோசனை வீணா? இல்லை. பழைய தொலைபேசித் தடம் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வெண்களையே கடத்தும். ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண்ணோ பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸை ஒட்டியது. அது வந்து சேர்வதே இல்லை. ஆயினும் அப்பாவின் கனத்த குரலை நாம் கனத்த குரலாகவே கேட்கிறோம். அதன் மடங்கு அதிர்வெண்களைக் கொண்டு மூளை, விடுபட்டதை நிரப்பிக்கொள்கிறது.

தேர்ந்த ஆலோசகரும் இவ்வாறே, கண்ணுக்குத் தெரியாதவற்றைக் கேள்விகளால் நிரப்பிக்கொள்கிறார். மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றில் வீடியோ ஆலோசனையும் நேர்முக ஆலோசனைக்கு நிகரான பயன் தருவதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே அருகில் ஆலோசகர் இருந்தால் நேரில் செல்லுங்கள். இல்லையெனில் அதற்காகக் காத்திராமல் தொலைபேசியில் பேசுங்கள்.

காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் செல்ல நாம் வெட்கப்படுவதில்லை. மனம் வருந்தும்போதும் அவ்வாறே. முதலில் பெற்றோரிடமோ, நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடமோ சொல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.

செய்து பாருங்கள்: உங்கள் வீட்டுக் கைபேசியில் கேமராவுக்கும் திரையில் தெரியும் கண்களுக்கும் உள்ள தூரத்தை அளந்து, பார்வைக் கோணத்தைக் கணக்கிடுங்கள். கைபேசியை இருமடங்கு தொலைவில் வைத்தால் அக்கோணம் என்னவாகும்?