கல்லும் கயிறும் கற்பிக்கும் பாடம்



விஞ்ஞானமும் கணிதமும் பட்டணத்துப் பிள்ளைகளுக்கே உரியவை, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அவை எட்டாக் கனி என்று கூறுவோர் இன்றும் உளர். அக்கூற்று தவறு என்பதை உணர்த்தவே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

பினாங்கில் குளுகோர் என்னும் இடத்தில் ஒரு கல்வி மையம் உள்ளது. 'தென்கிழக்காசிய விஞ்ஞான, கணிதக் கல்வி வட்டார மையம்' என்பது அதன் பெயர். சுருக்கமாக 'ரெக்சாம்' என்பர். 1965ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், நம் வட்டார நாடுகள் சில இணைந்து தென்கிழக்காசியக் கல்வி அமைச்சர்கள் அமைப்பை நிறுவின. மலேசியாவும் சிங்கப்பூரும் தொடக்கத்திலேயே அதில் இடம் பெற்றன. இன்று அதன் உறுப்பு நாடுகள் 11 ஆகும். அவ்வமைப்பின் கீழ் 1967ஆம் ஆண்டில் தோன்றியதே இம்மையம்.

இலாபம் கருதாது இயங்கும் இம்மையத்தின் தலையாய பணி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்பதாகும். பல நாட்டு ஆசிரியர்கள் அங்கே கூடிப் பயில்கின்றனர். கற்பிக்கும் முறைகளைப் பற்றிய ஆராய்ச்சியும் நடைபெறுகின்றது. ஒரு மாணவனுக்குக் கற்பித்தால் அவன் ஒருவனே பயனடைவான். ஓர் ஆசிரியரைப் பயிற்றுவித்தாலோ ஆண்டுதோறும் ஒரு வகுப்பே பயனடையும் அன்றோ?

ஆசிரியரும் கற்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். நம் அனுபவம் ஒன்றைக் கூறுகின்றோம். முன்பொரு முறை நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி, "ஐயா, ஊஞ்சலில் தம்பி ஆடினாலும் அண்ணன் ஆடினாலும் போய்வர ஒரே நேரந்தான் ஆகிறது. அது ஏன்?" என்று வினவினாள். "அப்படி இராது, கனமானவரே விரைவாக ஆடுவார்" என்று கூறி அவளை அமரச் செய்தோம். அவள் முகம் வாடியது. அன்றிரவு நம் மனம் அமைதி கொள்ளவில்லை. ஒரு கயிற்றில் முதலில் சிறு கல்லையும், பின்னர் பெரிய கல்லையும் கட்டி ஆட்டிப் பார்த்தோம். அவள் கூறியதே உண்மை! மறுநாள் வகுப்பின் முன்னிலையில் நம் தவற்றை ஒப்புக்கொண்டோம். நூலில் படித்ததைவிட, சோதித்து அறிந்ததே நம் நெஞ்சில் நிலைத்தது.

காரணம் யாது? பூமி பெரிய கல்லை மிகுந்த விசையோடு இழுக்கின்றது. ஆயினும் பெரிய கல்லை அசைப்பதற்கு அதே அளவு மிகுதியான விசை தேவைப்படுகின்றது. இரண்டும் ஈடாகிவிடுவதால் வேகம் மாறுவதில்லை. இத்தாலி நாட்டு அறிஞர் கலிலியோ (1564–1642) ஊசலின் இவ்வியல்புகளை ஆராய்ந்தவர் ஆவார்.

இனி நீங்களே செய்து பாருங்கள். கயிற்றில் ஒரு கல்லைக் கட்டுங்கள். தொங்கவிடும் இடத்திலிருந்து கல்லின் நடுப்பகுதி வரை 25 சென்டிமீட்டர் இருக்கட்டும். சிறிதளவே இழுத்து விடுங்கள். போய்த் திரும்புவது ஓர் ஆட்டம். 10 ஆட்டங்களுக்கு ஏறத்தாழ 10 வினாடிகள் ஆகும். அடுத்து, கயிற்றின் அளவை 1 மீட்டர் ஆக்குங்கள். 10 ஆட்டங்களுக்கு ஏறத்தாழ 20 வினாடிகள் ஆகும்.

நீளம் 4 மடங்கானால் நேரம் 2 மடங்கே ஆகின்றது; ஏனெனில் 2 × 2 = 4. அவ்வாறாயின், 10 ஆட்டங்களுக்கு 30 வினாடிகள் ஆக வேண்டுமெனில் கயிற்றின் நீளம் என்ன? முதலில் கணக்கிடுங்கள்; பின்னர் பள்ளித் தாழ்வாரத்து உத்தரத்தில் ஆசிரியரின் துணையோடு கட்டிச் சரிபாருங்கள்.

இச்சோதனைக்கு வேண்டியவை கல், கயிறு, கடிகாரம் ஆகிய மூன்றே. இவை நம் தோட்டத்தில் இல்லாதவையா? பெற்றோர்களே, பிள்ளை "ஏன்?" என்று கேட்கும்போது அதட்டி அடக்காதீர்கள். விடை தெரியாவிடில், "வா, சேர்ந்து பார்ப்போம்" என்று கூறுங்கள். நாமும் அவ்வாறே கூறக் கற்றுக்கொண்டோம்.

வாழ்க மாணவர்! வளர்க அறிவு!