கேமராக்காரரோடு குடும்பம் நடத்த

பினாங்கின் ஆயர் ஈத்தாமில் வீடும் இருந்து, வீட்டுக்காரருக்குக் கேமராப் பித்தும் இருந்துவிட்டால் தப்பிக்க வழியே இல்லை. ஒரு பக்கம் கெக் லோக் சி கோயில், மறுபக்கம் கொடிமலை. ஒன்றில் மேகம் இறங்கினாலும் படம்தான், இன்னொன்றில் நிலா ஏறினாலும் படம்தான். இங்கே குடியிருக்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர், கல்யாணமான புதிதில் கணவரின் ட்ரைபாடைத் தோளில் சுமந்தபடி இந்த இரண்டு இடங்களையும் சுற்றியவர். பிள்ளைகள் பிறந்த பிறகு தோளில் அதற்கு இடமில்லாமல் போனது. கோபித்துக்கொண்டு பார்த்தார், பேசாமல் இருந்து பார்த்தார், கடைசியில் சில ஒழுங்குகளை வகுத்துக்கொண்டார்.

கேமராவின் மேல் தமக்கு வருத்தமே கிடையாது என்கிறார் அவர். "அஞ்சு நிமிஷம்மா என்பார். அது பத்தா, நாற்பதா என்று அவருக்கே தெரியாது. பிள்ளைகளை உட்கார வைப்பதா, சாப்பிடக் கூட்டிப்போவதா என்று எனக்கும் தெரியாது. நேரத்தைச் சொல்லிவிட்டால் காத்திருக்க நான் தயார்."

அந்த நேரத்தைச் சொல்லிக்கொடுத்தது சூரியன். பினாங்கு நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 5 பாகை வடக்கே இருக்கிறது. இங்கே சூரியன் சாய்ந்து நகராமல் கிட்டத்தட்ட நேராகக் கீழிறங்கும். அதனால் அந்தி நீளாது. மறைந்து இருபது நிமிடம் கொஞ்சம் தாண்டினால் இருட்டிவிடும். அஸ்தமனமும் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ மாலை 7 மணிக்கும் 7.40க்கும் இடையில்தான். சீனப் புத்தாண்டுக் காலத்தில் கெக் லோக் சி விளக்குகளால் மின்னும்போது, வானம் நீலமாகவும் விளக்குகள் மஞ்சளாகவும் ஒரே படத்தில் விழுவது அந்தச் சில நிமிடங்களில்தான். ஆகவே ஒப்பந்தம் எளிது. முதலில் சந்தைப் பக்கம் லக்சா சாப்பிட்டுப் பிள்ளைகளின் வயிறு நிறைய வேண்டும். அஸ்தமனத்தில் தொடங்கி வானம் கறுக்கும் வரை கணவர் நேரம். அதுவரை யாரும் கூப்பிடக் கூடாது. பிறகு, "ஏங்க, வானம் கறுத்துடுச்சு" என்று ஒரே ஒரு குரல். கேமரா பைக்குள் போய்விடும்.

கிளம்பும்போதே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. காரின் ஏர்கோனில் குளிர்ந்த கேமராவை வெளியே எடுத்ததும் பினாங்கின் ஈரக்காற்று லென்ஸ் மேல் நீராகப் படியும். துடைக்கத் துடைக்கத் திரும்பவும் மங்கும். கண்ணாடி வெளிச்சூட்டுக்கு வரும் வரை ஒன்றும் செய்ய முடியாது. குடும்பமே வெயிலில் நிற்க, ஒருவர் மட்டும் லென்ஸை வெறித்துக்கொண்டிருப்பார். அதனால் கேமராப் பை இப்போது குளிர் எட்டாத பின்பெட்டியில்தான் பயணம் செய்கிறது.

படமெடுத்தால் எதையும் சரியாகப் பார்ப்பதில்லை என்பது மனைவியின் கட்சி. எடுப்பதால்தான் உற்றுப் பார்க்கிறேன் என்பது கணவரின் கட்சி. ஆய்வாளர்கள் இருவருக்கும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்டு பல்கலைக்கழக உளவியலாளர் லிண்டா ஹெங்கல் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகப் பொருள்களை முழுதாகப் படமெடுத்தவர்களுக்கு, வெறுமனே பார்த்தவர்களைவிட அவை குறைவாகவே நினைவில் நின்றன. பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் பிடித்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. கிறிஸ்டின் டீலும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்டதோ, படமெடுப்பது பல நேரங்களில் அனுபவத்தின் இன்பத்தைக் கூட்டுகிறது என்றது. கேமராவே இடைஞ்சலாகிவிட்டால் அந்தப் பலன் கிடைக்காது. அதே குழுவினர் அடுத்த ஆண்டு காட்டியது, படமெடுப்பவருக்குக் கண்டது நன்றாக நிற்கும், காதில் விழுந்தது நழுவும் என்று. "வரும் வழியில் மகன் சொன்ன கதையை இவரிடம் கேட்டுப் பாருங்கள்" என்று சிரிக்கிறார் ஆசிரியை.

அந்த நெருக்கிப் பிடிக்கும் யோசனை பிள்ளைகளுக்கு விளையாட்டாகிவிட்டது. 1930இல் கட்டி முடிக்கப்பட்ட கெக் லோக் சி பகோடாவின் அடிப்பகுதி சீனப் பாணி, நடுப்பகுதி தாய்லாந்துப் பாணி, உச்சி பர்மியப் பாணி. ஒன்று எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்று பிள்ளைகள் விரலால் காட்ட, அப்பா அந்த இடத்தை மட்டும் படமெடுக்க வேண்டும். காத்திருந்தவர்களுக்கு வேலை வந்துவிட்டது.

கொடிமலைக்கு வேறு கணக்கு. விடியல் படங்களுக்குக் கணவர் தனியாகப் போய், பிள்ளைகள் பசியாறும் நேரத்துக்கு வீடு திரும்பிவிடுவார். குடும்பத்தோடு போகும் நாளில் ஒரே ஒரு லென்ஸ்; ட்ரைபாட் கிடையாது. 1923இல் ஓடத் தொடங்கிய மலை ரயிலில் முன்பு பாதி வழியில் இறங்கிப் பெட்டி மாற வேண்டும். 2011இல் புதுப்பித்த பிறகு ஒரே ஓட்டமாகச் சில நிமிடங்களில் மேலே போய்விடுகிறது. முன்பக்கக் கண்ணாடி கிடைக்கவில்லை என்பதற்காக அடுத்த ரயிலுக்கு நிற்பது இந்தக் குடும்பத்தில் தடை. மேலே அருளொளி திருமுருகன் ஆலயத்தில் அர்ச்சனை முடியும் வரை கேமரா வெளிவராது. மரத்தில் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமிட்ட லாங்கூர் குரங்கு ஆரஞ்சு நிறக் குட்டியோடு உட்கார்ந்திருந்தால் மட்டும் விதிவிலக்கு. குட்டிக்கு நிறம் மாறுவதற்குள் எடுத்தாக வேண்டுமாம்.

தைப்பூசத்தன்று இன்னும் கறார். தண்ணீர்மலையின் 513 படிகளில் பால்குடத்தோடு ஏறும் குடும்பத்துடன் வருகிறாரா, காவடிகளைப் படமெடுக்கப் போகிறாரா என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். இரண்டும் சேர்த்துக் கிடையாது. எதைச் சொன்னாலும் வீட்டில் முகச்சுளிப்பும் கிடையாது.

படங்களுக்கும் ஒரு நிபந்தனை. எடுத்தவற்றில் சிலவற்றையாவது அன்றிரவே குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட வேண்டும். அவற்றில் ஒன்றில் அம்மா இருக்க வேண்டும். ஒவ்வொரு உலாவிலும் கேமரா கொஞ்ச நேரம் பிள்ளைகள் கைக்கும் போகும். ஆண்டு முடிவில் அச்சிடும் ஆல்பத்தில் பாதிப் படங்கள் கணவர் எடுத்தவை, பாதி பிள்ளைகள் எடுத்தவை. அவர் படங்களில் பெரும்பாலும் ஆளே இருக்காது. பிள்ளைகளின் படங்களில் லக்சா கிண்ணம், செருப்பு, கேமராவைக் குனிந்து பார்க்கும் அப்பாவின் முதுகு. இந்த ஆண்டு அட்டையில் எதைப் போடுவது என்று இன்னும் முடிவாகவில்லை; முதுகுக்குத்தான் ஓட்டு அதிகம்.