வட்டம் ஏன் முட்டையாயிற்று?

“டேப்லெட் வாங்கியிருக்கிறேன்” என்று தொலைபேசியில் சொன்னதும், “என்னப்பா, காய்ச்சலா?” என்று பதறினாள் என் தாய். அந்த டேப்லெட் அன்று, அன்பர்களே! கணிப்பொறியில் படம் வரைவதற்கான பலகை. உதவித்தொகையில் மிச்சம் பிடித்து வாங்கினேன். அதனோடு நான் பட்ட பாட்டைச் சொன்னால், இனி வாங்கப் போகிறவர்களுக்குப் பயன்படும் அல்லவா?

என்னுடையது திரையில்லாப் பலகை. அதன் பேனாவில் பாட்டரி கிடையாது. பின் எப்படி வேலை செய்கிறது? பலகையின் அடியில் கம்பிச்சுருள்கள் வலைபோல் பதிந்திருக்கின்றன. அவை எழுப்பும் மாறுகாந்தப்புலத்தோடு பேனாவினுள் இருக்கும் சிறு சுருள் ஒத்ததிர்ந்து மறுமொழி தருகிறது. எந்தச் சுருளில் மறுமொழி வலுவாக விழுகிறதோ, அதைக் கொண்டு பேனா நிற்கும் இடம் கணிக்கப்படுகிறது. அழுத்தினால் அதிர்வெண் சற்றே மாறும், கோடு தடிக்கும்.

காந்தப்புலம் தாளை ஊடுருவும் அன்றோ? ஆகவே, தேக்கின் குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் பார்த்து நான் பென்சிலால் வரைந்திருந்த படத்தைப் பலகைமேல் வைத்து, கோடுகளின் மீதே பேனாவை ஓட்டினேன். அரைமணியில் படம் கணிப்பொறிக்குள்! ஆய்வேட்டில் சேர்த்துப் பேராசிரியரிடம் நீட்டினேன்.

“நீர்க்குழாய்கள் எல்லாம் ஒரே பக்கமாக நீண்டிருக்கின்றனவே! கட்டையைச் சாய்வாக வெட்டினாயோ?” என்றார்.

வெலவெலத்துப் போனேன். சாய்வாக வெட்டியிருந்தால் நான் எடுத்த அளவுகள் அனைத்தும் பொய். இரண்டு மாத உழைப்பு பாழ். ஓடிப்போய் ஸ்லைடுகளை மறுபடி பார்த்தேன். குழாய்கள் வட்டமாகவே இருந்தன. பென்சில் படத்திலும் வட்டமே.

குற்றம் விகிதத்தில் இருந்தது. பலகையின் பரப்பு 160 மில்லிமீட்டர் அகலம், 100 உயரம். திரையோ 16க்கு 9. முழுப் பலகையும் முழுத் திரைக்குப் பொருத்தப்பட்டிருந்ததால், உயரத்தைவிட அகலம் ஒன்பதில் ஒரு பங்கு கூடிவிட்டது! பலகையோடு வந்த மென்பொருளில், கீழ்ப்புறம் 10 மில்லிமீட்டரை விட்டுவிட்டு 160க்கு 90 என்று மாற்றினேன். முட்டை வட்டமாயிற்று. படத்தை மட்டும் மீண்டும் வரைந்தேன்.

வாங்கிய அன்றே ஒரு பிளாஸ்டிக் மூடியைப் பலகைமேல் வைத்துச் சுற்றி வரைந்து, திரையில் அளந்து பாருங்கள். நாணயம் வேண்டாம், உலோகம் காந்தப்புலத்தைக் குழப்பும். தாள்மேல் அடிக்கடி ஓட்டினால் பேனாவின் முனை விரைவில் தேயும் என்பதையும் மறவாதீர்.

கை மேசையில், கண் திரையில் என்பதுதான் அடுத்த தொல்லை. முதல் வாரம் என் கோடுகள் கோழி கிளறியதுபோல் இருந்தன. வீட்டு வாசலில் அக்கா போடும் சிக்குக் கோலம் நினைவுக்கு வந்தது. கிரிட்டா என்னும் இலவச மென்பொருளில் ஐந்து வரிசைப் புள்ளி வைத்து, கையைப் பாராமல் நாள்தோறும் ஒரு கோலம் போட்டேன். கோட்டைத் தானே நேராக்கித் தரும் வசதியும் அதில் உண்டு. பழகும்வரை அதைத் தொடாதிருப்பதே நல்லது என்பேன். பத்தாம் நாள் புள்ளியில் முட்டாமல் கோடு வளைந்தது.

பலகையைச் சங்க அறையில் வைத்திருக்கிறேன். ஞாயிறு மாலை வருகிறவர்கள் மூடி ஒன்று கொண்டு வாருங்கள்.