மாத்திரைக்குப் பயந்து கிட்னியை இழப்பதா?

“மாத்திரை போட ஆரம்பிச்சா கிட்னி போயிடும்.” ரவாங்கில் பசியாறும் கடையிலும் கோயில் அன்னதான வரிசையிலும் இதைக் கேட்கலாம். சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. அவருடைய மாமா பல வருஷம் இனிப்பு நீர் மாத்திரை சாப்பிட்டார். இப்போது வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம் டயாலிசிஸில் கிடக்கிறார். முன்னால் நடந்தது மாத்திரை, பின்னால் நடந்தது கிட்னி. பழியும் மாத்திரை மேல் விழுந்துவிட்டது.

கிட்னியைக் கெடுத்தது கட்டுக்குள் வராத சர்க்கரை. ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய நாளங்களை அது வருஷக்கணக்கில் அரித்துக்கொண்டே இருக்கிறது. வலி இல்லை, வீக்கம் இல்லை. கால் வீங்கும்போது கிட்னி ஏற்கெனவே வெகுவாகக் கெட்டிருக்கும். மலேசியாவில் புதிதாக டயாலிசிஸுக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இனிப்பு நீரால்தான் வருகிறார்கள். சர்க்கரையை நன்றாகக் கட்டுப்படுத்தினால் கண், கிட்னி போன்ற நுண்நாளப் பாதிப்புகள் சுமார் கால்வாசி குறையும் என்று, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பல்லாண்டு பின்தொடர்ந்த பிரிட்டன் ஆய்வு 1998இல் காட்டியது.

பயத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. கிட்னி பலவீனமானதும் டாக்டர் மெட்ஃபோர்மின் என்ற இனிப்பு நீர் மாத்திரையைக் குறைப்பார், சில சமயம் நிறுத்திவிடுவார். “பார்த்தியா, கெடுதல்னு தெரிஞ்சுதான் நிறுத்திட்டாங்க” என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். அந்த மருந்து கிட்னி வழியாகத்தான் வெளியேற வேண்டும். வழி அடைத்துக்கொண்டால் உடம்பில் தேங்கும், அதனால்தான் குறைக்கிறார்கள்.

இங்கிலீஷ் மருந்து வேண்டாம், மூலிகை போதும் என்பவர்களுக்கு ஒரு செய்தி. மெட்ஃபோர்மின் பிறந்ததே ஐரோப்பாவில் காலங்காலமாக மருந்தாகப் பயன்பட்ட ஒரு செடியின் வேதிப்பொருளைப் பின்பற்றித்தான். 1957 முதல் மனிதர்களுக்கு நீரிழிவுக்காகக் கொடுக்கப்படுகிறது. பாகற்காய் சாப்பிடுங்கள், நல்ல காய்தான். ஆனால் மாத்திரையின் இடத்தில் அதை வைக்காதீர்கள். எனக்கு உண்மையிலேயே அச்சம் தருவது பெயர் தெரியாத பொடிகளும் குளிகைகளும். பதிவு செய்யாத ‘பாரம்பரிய’ மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது. அது மூட்டுவலியைச் சட்டென்று குறைக்கும், சர்க்கரையை ஏற்றிவிடும். டப்பாவில் ‘மால்’ என்று தொடங்கும் பதிவு எண் இல்லாவிட்டால் கையில் எடுக்காதீர்கள்.

“நான் ஒல்லி, எனக்கு வராது” என்பதும் நம் பிள்ளைகளை ஏமாற்றுகிறது. 2004இல் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தங்கள் உடம்பையே அளந்து வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் எடைக் குறியீடு ஒன்றுதான், 22.3. கொழுப்போ லண்டன்காரருக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. தராசு நம்மவர்களின் வயிற்றைச் சொல்வதில்லை. ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

தேத்தண்ணியில் சீனி போடுவதில்லை என்பார்கள். ஆனால் தே தாரிக்கில் ஊற்றும் கெட்டிப்பாலில் ஏறக்குறைய பாதி சீனிதான். ‘தே ஓ கோசோங்’ கேட்டுப் பழகலாம்.

இது தாத்தா பாட்டி நோய் என்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான நம்பிக்கை. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு நீரிழிவு. 2023 ஆய்விலோ, நோய் இருந்த 18 முதல் 29 வயதுக்காரர்களில் 84 விழுக்காட்டினருக்கு அது தங்களுக்கு இருப்பதே தெரியவில்லை. விடியற்காலை கோமுட்டர் ரயில் பிடித்து கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய், இரவில் மாமாக் கடையில் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பும் நம் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் இருக்கலாம்.

அப்பா அம்மாவுக்கு இனிப்பு நீர் இருந்து, உங்கள் இடுப்பும் அளவைத் தாண்டியிருந்தால், முப்பது வயதுக்காகக் காத்திருக்க வேண்டாம். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. இரவு சாப்பிட்டபின் வேறெதுவும் உட்கொள்ளாமல் காலையில் போங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை 7.0 அல்லது அதற்கு மேல் காட்டினால் இன்னொரு நாள் மறுபடி சோதிப்பார்கள். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர் வீட்டில் இருந்தால், வருஷத்துக்கு ஒருமுறை சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று பார்க்கச் சொல்லி நீங்களே டாக்டரிடம் கேளுங்கள். கால் வீங்குவதற்குப் பல வருஷம் முன்பே அந்தச் சோதனை கிட்னியின் நிலைமையைச் சொல்லிவிடும்.