தூத்சாகர்: இப்போது ரயிலில் பாருங்கள், அக்டோபரில் இறங்கி நடங்கள்

தென்மேற்குப் பருவமழை வலுத்துவிட்டது. கோவா, கர்நாடக எல்லையில் 310 மீட்டர் உயரத்திலிருந்து நான்கு அடுக்காக விழும் தூத்சாகர் அருவி முழு உருவத்தில் இருப்பது இப்போதுதான். கைபேசியில் சுற்றும் படங்களில் பெரும்பாலானவை இந்த மாதங்களில் எடுத்தவை. அதனாலேயே "வர்ற சனி, ஞாயிறு கிளம்பிடலாமா?" என்ற கேள்வியும் இப்போதுதான் அதிகம். கிளம்பலாம், ரயிலில். நடந்து போவதை அக்டோபருக்குத் தள்ளிவையுங்கள்.

அருவி இருப்பது பகவான் மகாவீர் சரணாலயமும் மொல்லெம் தேசியப் பூங்காவும் சேர்ந்த 240 சதுர கிலோமீட்டர் காட்டுக்குள். பேருந்து போகும் சாலை கிடையாது. குலெம் ஊரிலிருந்து அடிவாரம் போகும் ஜீப் தடம் வழியில் ஓடைகளுக்குள் இறங்கித்தான் ஏறுகிறது. மழையில் ஓடைகள் பெருகியதும் ஜீப்புகள் நின்றுவிடும்.

அப்போது பலருக்கும் கண்ணில் படுவது தண்டவாளம். அதன் வழியே நடந்து அருவிக்குப் போவது ஒரு காலத்தில் மலையேற்றக் குழுக்களின் வாடிக்கை. இன்று அந்த எண்ணத்தையே விட்டுவிடுங்கள். ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி அத்துமீறி நுழைவதற்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2023 ஜூலையில் இப்படி வந்த கூட்டத்தை ரயில்வே போலீஸார் தோப்புக்கரணம் போடவைத்த காணொளி நாடெங்கும் ஓடியது, பார்த்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அபராதமும் தோப்புக்கரணமும் பெரிதாகப் படவில்லை. அருவி இரைச்சலில் முதுகுக்குப் பின்னால் வரும் வண்டியின் சத்தம் கேட்காது என்பதுதான் கவலை. வழியில் குகைப்பாதைகள் வேறு. உள்ளே இருக்கும்போது வண்டி வந்தால் சுவரோடு சுவராக ஒட்டி நிற்பதைத் தவிர வேறு வழியில்லை.

தண்டவாளம் வேண்டாம், காட்டுக்குள் புகுந்து போகிறோம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அருவிக்குத் தண்ணீர் வருவது மேலே, மலைத்தொடரின் உச்சியில் பெய்யும் மழையிலிருந்து. கீழே வெயில் அடிக்கும். மேலே ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்திருக்கும். அந்தத் தண்ணீர் செங்குத்தான சரிவில் இறங்க அதிக நேரம் எடுக்காது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் சட்டென்று வந்த வெள்ளம் ஒரு சிறுவனை இழுத்துக்கொண்டு போனதை நாம் மறந்திருக்க முடியாது. ஓடையோரம் நிற்கும்போது தெளிந்த தண்ணீர் கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், இரைச்சலின் சுருதி கனத்தால் பையைக்கூட எடுக்காமல் மேட்டுக்கு ஏறிவிடுங்கள். எதிர்க்கரையில் மாட்டிக்கொண்டால் வடியும்வரை அங்கேயே இருங்கள். கயிறு கட்டிக் கடக்கும் சாகசமெல்லாம் பயிற்சி பெற்ற மீட்புப் படையினருக்கு.

மழைக்கால நடைக்கு ஆள் சேர்க்கும் விளம்பரங்களைப் பார்த்துப் பணம் கட்டும் முன், வனத்துறையின் அனுமதிச் சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். "அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்று பதில் வந்தால் அனுமதி இல்லை என்று அர்த்தம். 2023 ஜூலையில் நேத்ராவளி காட்டில் உள்ள மைனாபி அருவியில் இருவர் மூழ்கி இறந்த பிறகு, சரணாலய அருவிகளுக்குப் போக கோவா வனத்துறை தடை போட்டது. விதி ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும். போன வருடம் போய்வந்த நண்பரின் பேச்சு இந்த வருடத்துக்குச் செல்லாது.

சரி, ரயில். லோண்டாவிலிருந்து காசில் ராக் வழியாக குலெமுக்கு இறங்கும் மலைப்பாதை அருவியின் நடுவில், பாலத்தின் மேல் செல்கிறது. சரிவு 37-க்கு 1 என்பதால் மேலே ஏறும் வண்டிகளைப் பின்னாலிருந்து தள்ளக் கூடுதல் எஞ்சின் பூட்டுவார்கள். வண்டி ஊர்ந்தே போகும். பார்க்கிறவருக்கு அதுதான் லாபம். ஜன்னலைத் திறந்து வைத்தால் சாரல் முகத்தில் அடிக்கும், கண்ணாடி அணிந்தவர்கள் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பயணச்சீட்டு எடுக்கும்போது காசில் ராக், குலெம் இரண்டையும் வண்டி பகலில் கடக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வேளாங்கண்ணியிலிருந்து கோவாவின் வாஸ்கோவுக்கே நேர் ரயில் உண்டு என்றாலும், இரவில் மலையைக் கடந்தால் இருட்டைத்தான் பார்க்க முடியும். படி அருகே நின்று கைபேசியை நீட்டாதீர்கள். வண்டி நடுவில் நின்றாலும் இறங்க வேண்டாம். மழை கொட்டும் வாரங்களில் மண் சரிந்து ரயில்கள் ரத்தாவது இந்தப் பாதையில் நடப்பதுதான். ஊர் திரும்ப ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபரில் மழை ஓய்ந்து, ஓடைகள் தணிந்த பின் வழக்கமாக ஜீப்புகள் ஓடத் தொடங்கும். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை போவதுதான் என் கணக்கில் சரி: தண்ணீருக்கும் குறைவிருக்காது, தடமும் காய்ந்திருக்கும். மார்ச்சில் போனால் பாறையைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். வார நாளில், காலையிலேயே குலெம் போய்ச் சேருங்கள். ஜீப் இறக்கிவிட்ட இடத்திலிருந்து பாறைகள் மேல் கொஞ்ச தூரம் நடை. ரப்பர் செருப்பு பாசியில் வழுக்கும். பின்பக்கம் வார் உள்ள, அடியில் பள்ளம் பள்ளமாக வெட்டிய செருப்பு போடுங்கள். லைஃப் ஜாக்கெட் கட்டாயம், நீச்சல் தெரிந்தவருக்கும்தான். உணவுப் பொட்டலத்தைக் கையில் வைத்திருந்தால் குரங்கு பறித்துக்கொள்ளும். வழியில் கைபேசி சிக்னலை நம்ப முடியாது. திரும்பும் நேரத்தை வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

ஈரம் இருக்கும்வரை அட்டை கடிக்கும். பிடித்து இழுக்காமல் நகத்தால் ஓரத்தை நெம்பினால் விழுந்துவிடும். கடிவாயைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். காடு காயும் டிசம்பருக்குப் பிறகு கவனிக்க வேண்டியது உண்ணியை. மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதிகளில் உண்ணி மூலம் குரங்குக் காய்ச்சல் பரவுவது வறண்ட மாதங்களில்தான். முழுக்கை, முழுக்கால் உடை போடுங்கள், இலைக்குவியல் மேல் உட்காராதீர்கள், இறந்து கிடக்கும் குரங்கின் அருகே போகாதீர்கள். ஊர் திரும்பிய இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் முதலில் காட்டுக்குப் போன கதையைச் சொல்லுங்கள்.

ஜீப்பில் இடம் கிடைக்காத நாளில் குலெமில் நின்று தரகரோடு மல்லுக்கட்ட வேண்டாம். அதே காட்டின் ஓரத்தில், தாம்டி சுர்லாவில் கதம்பர் காலத்து மகாதேவர் கோயில் இருக்கிறது. கருங்கல் கட்டடம், சிறியதுதான், பக்கத்திலேயே ஓடை. வண்டியிலேயே போய்விடலாம்.