பழைய ஊர்த் தெரு ஏன் வளைகிறது?

கேள்வி: பெருங்களத்தூர் போன்ற ஊர்களில் பழைய குடியிருப்புத் தெருக்கள் குறுகி வளைகின்றன, பக்கத்து ‘நகர்’களில் எல்லாம் நேர்கோடு. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது?

பதில்: வரிக் கணக்கிலிருந்து என்பேன். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் கொடுத்த ஊர்களைப் பற்றிய கல்வெட்டுகள், ஊரின் மொத்த நிலத்தைச் சொல்லிவிட்டு அதில் சிலவற்றைக் கழிக்கின்றன: ஊர்நத்தம் (ஊரார் குடியிருப்பு), கோயில், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், கம்மாணசேரி (கம்மாளர் குடியிருப்பு), பறைச்சேரி, சுடுகாடு. மிஞ்சுவதே இறை, அதாவது வரி, கட்டும் நிலம். அந்த நிலத்தை முந்திரி என்னும் சிறு பின்னத்துக்கும் கீழ்வரை அளந்தவர்கள், வீடிருந்த நத்தத்தை ஒட்டுமொத்தமாகத் தள்ளிவிட்டார்கள். ஆங்கிலேயர் சர்வேயும் அதே வழியில்தான் போனது. வயலுக்கு வயல் கல் நட்டு, எண் கொடுத்து, புலப்படம் வரைந்தார்கள். நத்தம் பெரும்பாலும் ஓரிரு எண்களுக்குள் அடங்கிவிட்டது. வீடுவீடாக அளந்து பட்டா கொடுத்தது மிகப் பின்னால் வந்த நத்தம் நிலவரித் திட்டம். அளக்காத இடத்தில் தெரு என்பது வீடுகள் விட்டுவைத்த இடைவெளிதான். அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் ஒரு சுவர் முன்னே வரும், திண்ணை நீளும், மாட்டுவண்டி திரும்பும் முனையில் மட்டும் சுவர் ஒதுங்கும். நகர்களோ அளந்து முடித்த வயலில் போட்ட மனைப்பிரிவுகள். அங்கும் நேரான தெரு திடீரென முட்டி நின்றால், பெரும்பாலும் அது பழைய புல எல்லை.

நம் முன்னோருக்கு ஊரைத் திட்டமிடத் தெரியவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பெருங்களத்தூர் இருக்கும் இதே தொண்டை மண்டலத்து உத்திரமேரூரில் 919, 921-ஆம் ஆண்டுகளின் பராந்தக சோழன் கல்வெட்டுகள் 30 குடும்புகளை, அதாவது ஊர்ப் பிரிவுகளை, சொல்கின்றன. அவ்வூர் நிலங்களை வதி (பாதை), வாய்க்கால், கண்ணாறு (கிளை வாய்க்கால்), சதுரம் (நிலத் துண்டு) என்று எண்ணியே குறித்தார்கள். அது பிராமணர்களுக்குக் கொடுத்த பிரமதேய ஊர், பங்கு பிரிக்க வேண்டியிருந்ததால் கோடு போட்டார்கள். தேவைப்பட்ட இடத்தில் அளவு வந்தது என்பதற்கு இதுவே நல்ல சான்று.

அப்படியென்றால் நத்தம் தானாக வளர்ந்தது, அதில் யார் கையும் இல்லை என்று சிலர் சொல்லக்கூடும். அதை நான் ஏற்கமாட்டேன். தெரு வளைந்தது தற்செயலாக இருக்கலாம். பறைச்சேரி ஊர்நத்தத்திலிருந்து விலகி இருந்தது தற்செயல் அல்ல. கணக்கெழுதியவர் இரண்டையும் தனித்தனியே பெயர் சொல்லி எழுதினார். பின்னாளில் எத்தனையோ ஊர்களில் குடிநீரும் சாலையும் அந்த எல்லைக்கு இப்பால் வந்து நின்றுபோயின. உங்கள் ஊரில் இதைப் பார்க்க விரும்பினால், கிராம ‘அ’ பதிவேட்டில் நத்தம் என்று வகைப்படுத்திய சர்வே எண்களைக் குறித்துக்கொண்டு கிராம வரைபடத்தில் தேடுங்கள். எது ஊர், எது சேரி, எது வயலாக இருந்து நகரானது என்பது பெரும்பாலும் அதில் தெரியும்.