வேலியோரக் கனியில் ஒயின்: புதிதாகத் தொடங்குவோருக்கு

இங்கிலாந்தில் வந்து குடியேறிய நம் பிள்ளைகள் சிலர், என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே வரிசையாக நிற்கும் கண்ணாடி ஜாடிகளைப் பார்த்துவிட்டு, “பெரியப்பா, எங்களுக்கும் சொல்லிக் கொடுங்களேன்” என்று கேட்கிறார்கள். வேலியோரக் கனி, பூ, தோட்டத்துக் கிழங்கு இவற்றில் செய்யும் ஒயினை இங்கே ‘கன்ட்ரி ஒயின்’ என்பார்கள். கிராமத்து வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருந்த வழக்கம் இது. 1940 முதல் 1953 வரை நீடித்த சர்க்கரை ரேஷனில் ஒடுங்கிக் கிடந்து, பிறகு மறுபடியும் தழைத்தது. ஆண்டோவர் ஊரின் சி. ஜே. ஜே. பெர்ரி 1960-இல் வெளியிட்ட ‘ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ் இன் ஒயின்மேக்கிங்’ என்ற புத்தகத்தைப் பார்த்துத் தொடங்கியவர்கள் ஏராளம். நான் சொல்லப்போவது எல்லாம் ஒன்றைச் சுற்றித்தான்: இந்த ஒயினை நாம் நாலு பேருக்கு ஊற்றிக் கொடுக்கச் செய்கிறோம். நம்மை நம்பி வாங்கிக் குடிப்பவர்களுக்கு நாம்தான் பொறுப்பு.

1. முதலில் சட்டம். பிரிட்டனில் சொந்த உபயோகத்துக்கு ஒயின் செய்ய வரி கிடையாது. விற்கக் கூடாது, ஒரு பவுண்டு வாங்கினாலும் விற்பனைதான். காய்ச்சி வடிப்பது உரிமம் இல்லாமல் கூடவே கூடாது. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பதையே குற்றம் என்கிறது. ஆகவே செய்முறையை ஊரில் இருக்கும் அண்ணன் தம்பிக்கு அனுப்பி வைக்காதீர்கள்.

2. காட்டுச் செடியில் தானாகப் பழுத்த கனியையும் பூவையும், விற்பனைக்கு இல்லாமல் பறித்தால் அது திருட்டு ஆகாது என்று இங்கிலாந்தின் 1968-ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டமே சொல்கிறது. ஆனால் நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பிடுங்கக் கூடாது. டான்டிலயன் பூவைக் கொய்யலாம், வேரைத் தோண்டக் கூடாது. பறவைகளுக்கும் அடுத்து வருகிறவருக்கும் மரத்தில் மிச்சம் வையுங்கள்.

3. செடியைத் தெரியாமல் கைவைக்காதீர்கள். நமக்கு வேண்டிய எல்டர் கட்டை பாய்ந்த புதர்மரம். ஒரு காம்பில் ஐந்து அல்லது ஏழு சிற்றிலை இருக்கும், கசக்கினால் ஒரு மாதிரி நாறும். ஏறக்குறைய அதே போல வெள்ளைப் பூக்குடை விரிக்கும் ஹெம்லாக், ஊதாப் புள்ளி போட்ட பசுந்தண்டுச் செடி. ஆளைக் கொல்லும் விஷம். ஃபாக்ஸ்குளோவ், லில்லி ஆஃப் த வேலி, டாஃபோடில், லபர்னம் பூக்களும் விஷம். ருபார்பில் தண்டுதான் நமக்கு. இலையைத் தூர எறியுங்கள். சந்தேகம் இருந்தால் பறிக்காமல் வந்துவிடுவதே சரி. “பூ தானே, என்ன செய்துவிடும்” என்ற அலட்சியம் இந்தப் பொழுதுபோக்கில் எனக்குப் பிடிக்காத ஒன்று.

4. பாத்திரம்: உணவுக்கான பிளாஸ்டிக் வாளி ஒன்று, 4.5 லிட்டர் டெமிஜான் (குறுகிய கழுத்துக் கண்ணாடி ஜாடி) ஒன்று, வாயுவை வெளியே விட்டு காற்றை உள்ளே விடாத ஏர்லாக், மண்டியை விட்டு ஒயினை இறக்க ஒரு குழாய், சர்க்கரை எவ்வளவு என்று காட்டும் ஹைட்ரோமீட்டர். இவ்வளவு போதும். செம்பு, இரும்பு, துத்தநாகம் பூசிய வாளி வேண்டாம். புளிப்பு அவற்றை அரித்துவிடும். பழைய பொருள் சந்தையில் கிடைக்கும் மெருகுப் பானையும் வேண்டாம், மெருகில் ஈயம் இருக்கலாம். எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் கிருமிநீக்கிக் கரைசலில் முக்கி எடுங்கள்.

5. முதல் ஒயினுக்கு எல்டர்பெர்ரியைத்தான் சொல்வேன். ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் முழுக்க, கொத்துகள் கருத்து, பாரம் தாங்காமல் தலைகீழாகத் தொங்கும்போது பறியுங்கள். உட்கார்ந்து ஒரு முள்கரண்டியால் காம்பிலிருந்து மணிகளைச் சீவி இறக்க வேண்டும். ஒன்றரைக் கிலோ தேறுவதற்குள் கை முழுக்க ஊதாவாகிவிடும். தண்ணீரில் கொட்டினால் பச்சைக் காய்கள் பெரும்பாலும் மிதக்கும், அரித்து எடுத்துவிடுங்கள். காம்பு, இலை, பச்சைக் காய் இவற்றில் சயனைடு தரும் பொருள் உண்டு. பழுத்ததைக்கூடப் பச்சையாகத் தின்றால் வயிற்றைப் புரட்டும். அதனால் கொஞ்சம் தண்ணீரில் கால் மணி நேரம் மெல்லக் கொதிக்கவிடுங்கள். கொதித்த பழத்தில் பெக்டின் இறங்கி ஒயின் கலங்கலாக நிற்கும். ஆறிய பிறகு பெக்டிக் என்சைம் போட்டால் தெளியும். 900 கிராம் சர்க்கரை, ஓர் எலுமிச்சைச் சாறு, ஒயின் ஈஸ்ட், அதற்கு ஊட்டம், மொத்தம் 4.5 லிட்டர் வரும்படி தண்ணீர். நான்கைந்து நாள் வாளியில் மூடி வைத்து, காலையும் மாலையும் கிளறி, துணியில் வடித்து டெமிஜானில் ஊற்றுங்கள். நிறம் மங்காமலிருக்க ஜாடியைப் பழுப்புக் காகிதத்தால் சுற்றுங்கள். ஒட்டும் பசை பாத்திரத்தில் பச்சையாகப் படியும். சமையல் எண்ணெய் தடவித் தேய்த்தால் போகும்.

6. சர்க்கரையை அள்ளிக் கொட்டாதீர்கள். லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை ஒரு சதவீத ஆல்கஹாலாக மாறும். ஹைட்ரோமீட்டரில் 1.085-இல் தொடங்கி 0.995-இல் முடிந்தால் கிட்டத்தட்ட 12 சதவீதம். பழைய குறிப்புகள் இதே அளவுக்கு 3 பவுண்டு, அதாவது 1.36 கிலோ போடச் சொல்லும். ஈஸ்ட் அதை முழுக்கத் தின்று முடிக்காது. பாகு போலத் தித்திப்பும், குடிப்பவருக்குத் தெரியாத உக்கிரமும் சேர்ந்து நிற்கும்.

7. கடையில் கிடைக்கும் ஒயின் ஈஸ்ட்டையே போடுங்கள். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் பதநீர் சில மணி நேரத்தில் தானே கள்ளாவதை நாம் கண்டவர்கள்தான். காற்றிலும் தோலிலும் உள்ள ஈஸ்ட் அந்த வேலையைச் செய்யும். அன்றே குடிக்கும் கள்ளுக்கு அது பொருந்தும். வருஷக்கணக்கில் நிற்க வேண்டிய ஒயினை அப்படி விதியிடம் விட முடியாது. கொதிக்க வைக்காத பழமாக இருந்தால் காட்டு ஈஸ்ட்டை அடக்க ஒரு காம்ப்டன் மாத்திரையைப் பொடித்துப் போட்டு, 24 மணி நேரம் கழித்து ஈஸ்ட் சேருங்கள். குளோஸ்டர்ஷயரின் சிப்பிங் காம்ப்டன் ஊரிலிருந்து வந்த பெயர் அது. அதில் சல்ஃபைட் இருப்பதால் ஆஸ்துமா உள்ளவர் பொடிக்கும்போது மூச்சிழுக்கக் கூடாது.

8. பழ ஈ ஒன்று உள்ளே போனாலே ஒயின் காடியாகத் திரும்பலாம். ஏர்லாக்கில் தண்ணீர் வற்றாமல் பாருங்கள். அடியில் மண்டி தங்கியதும் குழாயால் மெதுவாக வேறு ஜாடிக்கு இறக்குங்கள்; இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடியும். கழுத்து வரை நிரப்பியே வையுங்கள்.

9. அவசரப்பட்டு பாட்டிலில் அடைக்காதீர்கள். குமிழி நின்றுவிட்டது என்பது சாட்சி அல்ல. குளிரில் ஈஸ்ட் தூங்கியிருக்கும், வசந்தத்தில் எழுந்து பாட்டிலை வெடிக்க வைக்கும். கண்ணாடிச் சில்லு கண்ணில் தெறித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஹைட்ரோமீட்டர் 1.000-க்குக் கீழே இறங்கி, பல நாள் அதே எண்ணில் நிற்க வேண்டும். இனிப்பாக வேண்டுமென்றால் தெளிந்த ஒயினில், மறுபடி புளிக்காமலிருக்க, பொட்டாசியம் சார்பேட்டும் காம்ப்டனும் போட்ட பிறகுதான் சர்க்கரை. எல்டர் பூவில் செய்யும் நுரைபொங்கும் பானத்தை கைக்கெட்டும் தூரத்தில்கூட வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். தொடக்கக்காரர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

10. எல்டர்பெர்ரிக்குத் துவர்ப்பு அதிகம். ஒரு வருஷமாவது விடுங்கள். பூவில் செய்தது ஆறு மாதத்திலேயே மணக்கும். பார்ஸ்னிப்பை உறைபனி பட்ட பிறகு, ஜனவரியில் தோண்டினால் மாவு சர்க்கரையாகி இனித்துக் கிடக்கும். அதில் செய்த ஒயினின் வாசத்துக்காகவே குளிரில் மண்வெட்டி பிடிக்கலாம்.

11. கொடுக்கும்போது பாட்டிலில் எழுதி ஒட்டுங்கள்: எந்தக் கனி, எந்த வருஷம், ஏறத்தாழ எத்தனை சதவீதம், சல்ஃபைட் உண்டா. 12 சதவீத ஒயின் முக்கால் லிட்டர் பாட்டிலில் 9 யூனிட் இருக்கிறது. வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் வேண்டாம் என்று இங்குள்ள மருத்துவர்கள் சொல்கிறார்கள். வீட்டுச் சரக்கு லேசாகத்தான் இருக்கும் என்று விருந்தாளி நினைப்பார். நீங்கள்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். வண்டி ஓட்டிப் போகிறவருக்கு ஊற்றாதீர்கள். குடியை விட்டவர், கர்ப்பிணி, விரதம் இருப்பவர், வேண்டாம் என்றவர், இவர்களிடம் “ஒரு மடக்கு” என்று இழுக்காதீர்கள். அவர்களுக்காக அதே எல்டர் பூவில் புளிக்கவிடாத சர்பத் காய்ச்சி வையுங்கள்.

12. சரியில்லாத பாட்டிலை யாருக்கும் கொடுக்காதீர்கள். காடி வாசம் வந்ததைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வேறு மாதிரி நாறினால் சாக்கடையில் ஊற்றிவிடுங்கள். நன்றாக வந்ததைப் பற்றி நோட்டில் எழுதுங்கள்: பறித்த தேதி, எடை, எந்த வேலி. ஒரு டெமிஜானுக்கு ஆறு பாட்டில் தேறும். ஐந்தைக் கொடுத்தாலும் ஒன்றை எடுத்து வையுங்கள். அடுத்த வருஷச் சரக்கோடு வைத்து ருசி பார்க்க அது வேண்டும். வாங்கிப் போனவர்களிடம் காலி பாட்டிலை அலசித் திருப்பித் தரச் சொல்லுங்கள்.